அளவறிதல்: தராசும் இலையும்



ஒருவருடைய உடல் பருத்திருப்பது அவருடைய ஒழுக்கக் குறைவைக் காட்டுமா? இக்கேள்வியை உங்கள் முன் வைக்க யாம் துணிந்தமைக்குக் காரணம் ஒன்றே. அதற்கு யாமே ஒருமுறை தவறான விடை கூறினோம். அதுவும் தனியிடத்திற் கூறவில்லை. மேடையில் நின்று கூறினோம். பலர் காதில் விழுந்த பிழையைப் பலர் கண்ணிற் படும்படி திருத்துவதே முறை என்று கருதி இதனை எழுதுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், வைகாசிப் பௌர்ணமியை ஒட்டிச் சித்தூரிற் கூடிய சிறு கூட்டமொன்றில், உணவில் அளவறிதல் என்னும் பொருள் பற்றிப் பேசினோம். பேச்சின் நடுவே, பெருத்த வயிறு பேராசையின் பாத்திரம் என்றும், ஆசையை வென்றவனுக்கு வயிறு முன்னே வாராது என்றும் கூறிக் கூட்டத்தாரைச் சிரிக்க வைத்தோம். எல்லோரும் கலைந்த பின் ஓர் அம்மையார் தயங்கித் தயங்கி அருகே வந்தார். மாம்பழக் காலத்தில் கூழ் ஆலையொன்றிற் பழம் அறுப்பவர்; மற்ற நாளில் வீட்டு வேலை செய்து பிழைப்பவர்.

“ஐயா, வீட்டில் எல்லோரும் உண்ட பிறகு பானையில் மீந்ததைத்தான் நான் உண்கிறேன். பல நாள் குழம்பு இராது, சோறும் ஊறுகாயும்தான். ஆனாலும் என் உடம்பு ஆண்டுக்கு ஆண்டு ஊதுகிறது. சர்க்கரை வியாதி என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். நான் எதற்கு ஆசைப்பட்டேன், ஐயா?” என்று கேட்டார்.

யாம் விடை கூற இயலாமல் நின்றோம். நூற்பாலையில் இருபதாண்டுக்கு மேல் உழைத்துப் பின்னர் இப்பணிக்கு வந்தவர் யாம். அன்று மேடைப்படி ஏறும்போதே எமக்கும் மூச்சு வாங்கியது. அதை ஒருவரும் பேராசை என்று சொல்லவில்லை. ‘ஐயாவுக்கு வயதாகிறது’ என்றே சொன்னார்கள். அந்த அம்மையார்க்கு மட்டும் ஏன் வேறு நீதி? அன்றிரவு தொடங்கிய ஆராய்ச்சியின் பயனே இக்கட்டுரை.

முதலில் அறநூல் கூறுவதைப் பார்ப்போம். தம்மபதத்தில் இன்பத்தைப் பற்றிய இயலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பாடல்களுக்கு உரையாசிரியர் இரண்டு கதைகள் கூறுகின்றனர். முதற்கதை ஆளவி நகரத்து ஏழை உழவன் ஒருவனுடையது. அவன் அறவுரை கேட்க விரும்பினான். ஆனால் காணாமற்போன எருதைத் தேடி அலைந்து, பசியோடு காலங்கடந்து வந்தான். ததாகதர் அவன் வரும்வரை பேசாது காத்திருந்தார். வந்தபின்னும் உடனே பேசவில்லை. முதலில் அவனுக்குச் சோறிடச் செய்தார். அவன் பசி தணிந்த பிறகே வாய் திறந்தார். பசியே கொடிய நோய் என்பது அங்கே பெறப்படும் கருத்து.

இரண்டாங்கதை கோசல நாட்டு மன்னர் பசேனதியுடையது. அவர் நாள்தோறும் பெரிய அளவைச் சோறும் கறியும் உண்டு, ஒருநாள் பெருமூச்சு வாங்க ஐயன் திருமுன் வந்தமர்ந்தார். இதே நிகழ்ச்சி சம்யுத்த நிகாயத்திலும் உள்ளது. அளவறிந்து உண்பவனுக்கு நோவு குறையும், மூப்பு மெல்ல வரும் என்னும் கருத்துடைய ஒரு பாடலை ஐயன் கூற, அருகில் நின்ற சுதர்சனன் என்னும் இளைஞன் அதை மனப்பாடம் செய்து, மன்னர் உண்ணும்போதெல்லாம் சொல்லி வந்தான். மன்னர் படிப்படியாகக் குறைத்து ஒரு நாழி அரிசிச் சோற்றுக்கு வந்து, உடல் இலேசாகி மகிழ்ந்தார்.

அன்பர்களே, இவ்விரு கதைகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்பது எம் கண்ணைத் திறந்தது. மிகையாய் உண்ட மன்னருக்கு அளவறிதல் போதிக்கப்பட்டது. பசித்த உழவனுக்குச் சோறு போடப்பட்டது. உழவனை நோக்கி ‘அளவோடு உண்’ என்று ஐயன் கூறினாரில்லை. மன்னரையும் பேராசைக்காரர் என்று பழித்தாரில்லை. யாமோ மன்னருக்குரிய மருந்தை உழவனுக்கு ஊட்டினோம். ஊட்டும்போது பழியையும் கலந்து ஊட்டினோம்.

இனி, உடலின் கணக்கு யாதென நோக்குவோம். எம் தொழிலிலிருந்தே ஓர் உவமை கூறுகின்றோம். நூற்பாலையில் மிக்சிங்கிற்குள் செல்லும் பஞ்சின் எடையும், வெளிவரும் நூல், கழிவு இரண்டின் எடையும் ஒத்து வரவேண்டும். ஒத்து வாராவிட்டால் எங்கோ தேங்கியிருக்கிறது என்று பொருள். உடலும் அவ்வாறே. உண்ணும் உணவிலிருந்து வரும் ஆற்றலும், மூச்சு, இதயத் துடிப்பு, உடற்சூடு, உழைப்பு ஆகியவற்றிற் செலவாகும் ஆற்றலும் ஒத்திருந்தால் எடை நிலையாக நிற்கும். வரவு மிகுந்தால் கொழுப்பாகத் தேங்கும். செலவு மிகுந்தால் தேங்கியது கரையும். மூச்சு விடுதலும் ஒருவகை எரிதலே என்பதை 1780களில் பிரான்சு நாட்டு இலவாசியே பனிக்கட்டி சூழ்ந்த கலத்திற்குள் கினிப்பன்றியை வைத்து அளந்து காட்டினார். மாவும் சர்க்கரையும் கிராமுக்கு 4 கலோரி, புரதமும் 4, எண்ணெயும் நெய்யும் 9 என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கணக்கு. இவ்விதியினின்று தப்பியவர் ஒருவருமில்லை.

திருப்பதியில் வாழ்வோர்க்கு விளங்கும் கணக்கொன்று கூறுகின்றோம். இது பிறர் வழிபாட்டைக் குறை கூறுவதன்று. எல்லோரும் கண்ட பொருளைக்கொண்டு கணக்கை விளக்குவதே நோக்கம். அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். வழியின் நீளம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். ஏறும் உயரம் சுமார் 700 மீட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் இதனை ஏறி முடிக்க, இருந்த இடத்திலேயே இருந்தால் ஆகும் செலவுக்கு மேல், அறுநூறு எழுநூறு கலோரி செலவிடுவார் என்று மதிப்பிடலாம். மேலே பெறும் லட்டின் எடை சுமார் 175 கிராம். கடலைமாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த அப்பண்டம் தருவதும் எழுநூறுக்கு அக்கம்பக்கம்தான். அரைநாள் ஏறிய ஏற்றத்தைச் சில விள்ளல்கள் ஈடுசெய்துவிடுகின்றன. ஆகவே, ‘நடந்தே எல்லாவற்றையும் கரைத்துவிடுவேன், உண்பதைப் பற்றிக் கவலையில்லை’ என்பவரும் கணக்கை அறியாதவரே. நடத்தல் இதயத்திற்கும், இரத்தச் சர்க்கரைக்கும், மனத்திற்கும் பெருநன்மை செய்வது. ஆனால் எடைக்கணக்கில் வாயின் பங்கு காலின் பங்கினும் பெரிது.

இத்துணையும் உண்மையானால், அந்த அம்மையார் கேட்ட கேள்விக்கு, ‘வரவு மிகுந்தது, ஆதலின் பருத்தது’ என்று விடை கூறி முடித்துவிடலாமே என்பீர்கள். முடியாது. கணக்கு, தேங்கியதைச் சொல்லும். ஏன் தேங்கியது என்பதைச் சொல்லாது. மடையிற் செத்தை அடைத்து வயல் மூழ்கியபோது, ‘போனதைவிட வந்த நீர் மிகுதி’ என்பது உண்மையே. ஆனால் அது மடையைத் திறக்க உதவும் உண்மையன்று.

இங்கேதான் உணவின் தரம் என்பது வருகின்றது. ஆலையில் ஒரே எடையுள்ள இரண்டு பொதிகள் வரும். ஒன்று நீள இழைப் பஞ்சு. மற்றொன்று குட்டை இழை. தராசுக்கு இரண்டும் ஒன்றே. ரிங் பிரேமில் ஓடவிட்டால் முதலாவது ஒழுங்காக ஓடும். இரண்டாவது நிமிடத்திற்கு நிமிடம் அறும். உணவும் அத்தகையது. 2019ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவரும் அவர் குழுவினரும் 20 பேரை விடுதியிற் தங்கவைத்து ஆராய்ந்தனர். இரண்டு வாரம் ஆலைகளிற் பெரிதும் பக்குவம் செய்த உணவு. இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற எளிய உணவு. முன்னே வைத்த உணவின் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் ஆகியவை இரண்டிலும் ஒத்திருந்தன. வேண்டியமட்டும் உண்ணலாம் என்பதே கட்டளை. ஆலையுணவு உண்ட நாட்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி மிகுதியாக உண்டு, ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைய எடை கூடினர். எளிய உணவுக்கு மாறியதும் அதே அளவு குறைந்தனர். அதே மனிதர், அதே மனவுறுதி. மாறியது இலையில் இருந்த பொருள் மட்டுமே. இரண்டு வாரத்திற்கொருமுறை ஒருவருடைய ஒழுக்கம் கெட்டுத் திருந்தியது என்று நாம் கூற முடியுமா?

இந்த உண்மைக்கு நம் தென்னாட்டிலேயே ஒரு முன்னோட்டம் உண்டு. குன்னூரில் 1918ஆம் ஆண்டு சிறிய அளவில் உணவாராய்ச்சியைத் தொடங்கிய இராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை வெள்ளெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமையும் பாலும் பருப்பும் கீரையும் உண்ட எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை உணவை உண்டவை நலிந்தன. அங்கு முளைத்த அந்நிலையமே 1958இல் ஐதராபாத்திற்குச் சென்று இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது.

நம் சித்தூர்ப் பக்கத்து மூத்தோரைக் கேளுங்கள். மானாவாரி நிலம், கேழ்வரகும் வேர்க்கடலையும் விளைந்த பூமி. கேழ்வரகுக் களியை உருட்டி, கீரைக் கடைசலோ கடலைச் சட்னியோ தொட்டு உண்டு ஏர் பிடித்தவர்கள். அரிசிச்சோறு நோன்புக்கும் திருநாளுக்கும் உரியது. மேல்வீட்டார் பந்தியில் மீந்து, நம்மவர் புறக்கடையில் காத்திருந்து வாங்கியது. 1983ஆம் ஆண்டு என். டி. இராமராவ் அரசு கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி வழங்கிற்று. அதை யாம் குறைகூற மாட்டோம். அடுப்பெரியாத வீடுகளில் அது அடுப்பை மூட்டியது. வெள்ளைச்சோறு வயிற்றை நிரப்பியதோடு, புறக்கடையில் நின்ற அவமானத்தையும் துடைத்தது. ஆனால் அரிசி வந்த வழியே களி வெளியேறிற்று. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து உண்டு, நாரும் உண்டு. தீட்டிய அரிசியில் இவ்விரண்டும் மிகக் குறைவு. களி பசியை நெடுநேரம் தாங்கும். குழைந்த வெள்ளைச்சோறு விரைவிற் செரித்து, இரத்தத்திற் சர்க்கரையை ஏற்றி, மீண்டும் கையைப் பானைக்கு இழுக்கும். அரிசி குற்றவாளியன்று, துணையில்லாத அரிசியே குற்றவாளி. பருப்பும் கீரையும் இன்றி, உப்பும் ஊறுகாயும் கொண்டு வயிற்றை நிரப்பும் சோறுதான் அந்த அம்மையார் இலையில் இருந்தது.

2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆந்திர மாநிலத்துப் பெண்களுள் நூற்றுக்கு 36 பேர் மிகை எடையுடையவர்கள். அதே கணக்கெடுப்பில், அதே மாநிலத்துப் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு இரத்தச்சோகை. சிந்தியுங்கள். நிறைய உண்டதால் பருத்தார்கள் என்றால், இரத்தம் ஏன் வெளுத்தது? கலோரி மிகுந்து, சத்து குறைந்த இலையே இரண்டையும் ஒருங்கே செய்கின்றது. பெருத்த உடலுக்குள்ளும் பசித்த உடல் ஒன்று இருக்கக்கூடும்.

இன்னும் ஒன்று. புனேயில் யாஜ்னிக் என்னும் மருத்துவரும் அவர் துணைவரும் பிறந்த குழந்தைகளை அளந்தபோது, நம் நாட்டுக் குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளினும் எடை குறைந்தவை, தசை குறைந்தவை. ஆயினும் கொழுப்பு அத்துணைக் குறையவில்லை என்று கண்டனர். 1944-45 குளிர்காலத்தில் ஆலந்து நாட்டிற் பஞ்சம் வந்தபோது தாய் வயிற்றில் இருந்தவர்கள், நடுவயதில் சர்க்கரையைத் தாங்கும் ஆற்றல் குறைந்திருந்தனர் என்பதும் கண்டறியப்பட்டது. தாய் பட்ட பசி பிள்ளையின் உடலில் எழுதப்படுகின்றது. அவ்வாறாயின், தலைமுறை தலைமுறையாக அரைவயிறு உண்டவர் வழிவந்த நம்மிற் பலர், பிறர் தாங்கும் சர்க்கரையைத் தாங்க இயலாமைக்கு நம் நாக்கு மட்டுமா பொறுப்பு?

அப்பசியின் வரலாற்றையும் மறத்தலாகாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. அன்று சித்தூர், வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். 1877ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அரசப் பிரதிநிதியின் தூதராய் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், பஞ்ச வேலையில் மண் வெட்டுவோர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு அரிசி சுமார் 1,600 கலோரி. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உழைக்கும் உடலைக் காக்காது என்று வாதாடினார். சில மாதங்களுக்குப் பின்னரே அளவு உயர்ந்தது. அதற்குள் மாண்டவர் மாண்டனர். ஏறத்தாழ அதே 1,600 கலோரி அளவை 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் 36 இளைஞர்க்குக் கொடுத்து ஆராய்ந்தார். போரிற் கொலை செய்ய மறுத்து, இந்த ஆய்விற்குத் தாமே இசைந்து வந்தவர்கள் அவர்கள். அரையாண்டில் எடையிற் கால்பங்கை இழந்தனர். பகலும் இரவும் சோற்றைப் பற்றியே எண்ணினர். சமையற் புத்தகங்களை வேதம்போற் படித்தனர். ஆய்வு முடிந்து உணவு கிடைத்தபோது நிறுத்தவொண்ணாமல் உண்டனர். இழந்த கொழுப்புக்கு மேலும் கொழுப்புத் திரும்பியது. கொல்லாமை காக்கச் சிறையையும் அஞ்சாத மனவுறுதி உடையோரே பட்டினிக்குப் பின் தட்டின் முன் நிலைகுலைந்தார்கள் என்றால், உடலை வதைத்து அளவைக் கற்க முடியாது என்பது தெளிவு. நேரஞ்சரை ஆற்றங்கரையில் எலும்புக்கூடாய் இளைத்துப் பின்னர்ச் சுஜாதையின் பாற்சோற்றை ஏற்ற சித்தார்த்தர் இதை நம் அனைவர்க்கும் முன்னரே கண்டார்.

ஆகவே, தராசு ஒருவர் கையிலும் பசி மற்றொருவர் வயிற்றிலும் இருக்கும்போது, ‘அளவு’ என்னும் சொல் அறமாக இராமல் கொடுமையாகிவிடும். நிறைந்தவன் தன்னை நோக்கிக் கூறும்போதே அது அறம்.

அப்படியானால் உண்பவருக்குப் பொறுப்பே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மோளியசீவகர் என்னும் துறவி ஐயனிடம், மனிதர் படும் துன்பமெல்லாம் முன்வினைப் பயன்தானா என்று கேட்டார். இல்லை என்றே விடை வந்தது. பித்தம், சிலேட்டுமம், வாதம், இவற்றின் கலப்பு, பருவ மாற்றம், உடலைப் பேணும் முறையிற் பிழை, திடீர்த் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்கள் கூறப்பட்டன. இவற்றுள் வினை ஒன்றுதான். பேணும் முறையிற் பிழையும் ஒன்றுதான். பருத்த உடலைக் கண்டவுடன் எட்டில் ஒன்றை எடுத்து முத்திரை குத்துபவன், ஏழு காரணங்களை விசாரியாது தீர்ப்புக் கூறும் நீதிபதியை ஒப்பான். மேலும், வினை என்பது எண்ணத்தாலாவது என்பதே நம் சமயத்தின் அடிப்படை. உடலின் எடையை எண்ணத்தின் எடையாகக் கொள்ள நமக்கு உரிமையில்லை. மெலிந்த உடலிலும் பேராசை குடியிருக்கும். பருத்த உடலிலும் ஈகை குடியிருக்கும்.

ஆனால் பழியில்லை என்பதால் பணியும் இல்லை என்று ஆகாது. காரணம் பலவாயினும் கை நம்முடையது. நம்மால் மாற்றக்கூடியது ஒரு பிடியளவே ஆயினும், அப்பிடியை மாற்றுவதே முயற்சி. மன்னர் பசேனதியின் கதையில் நாம் கவனியாது விட்ட நுட்பம் இதுவே. அவர் ஒரே நாளிற் பட்டினி கிடக்கவில்லை, படிப்படியாகக் குறைத்தார். தனியாகவும் போராடவில்லை, வேளைதோறும் நினைவூட்ட ஒருவன் அருகில் இருந்தான். இளைஞனுக்கு அதற்கென நாளொன்றுக்கு நூறு கார்ஷாபணம் கொடுத்ததாக நூல் கூறுகின்றது. மன்னருக்கு நினைவூட்டச் சுதர்சனன் உண்டு. மீந்ததை நின்றபடியே உண்ணும் தாய்க்கு யார் உண்டு? அவளுக்குச் சுதர்சனனாக வேண்டியது அவள் கணவன், அவள் மக்கள், இச்சங்கம்.

யாம் கற்றவற்றையும், எம் வீட்டிற் செய்து பார்த்தவற்றையும் சுருங்கக் கூறுகின்றோம். ஒன்று, குடும்பத்தார் யாவரும் ஒரே வேளையில் ஒன்றாக அமர்ந்து உண்ணுங்கள். பருப்பும் கீரையும் முட்டையும் ஆடவர் இலையோடு தீர்ந்து, பெண்ணுக்குச் சோறு மட்டும் மீதமாவது, எந்த மருந்தாலும் தீராத நோய்க்கு வித்து. இரண்டு, சோற்றின் ஒரு பங்கைக் குறைத்து அவ்விடத்தை வெறுமையாக விடாது, பயறு, கீரை, காய் கொண்டு நிரப்புங்கள். வாரத்திற் சில வேளையேனும் களி திரும்பி வரட்டும். அதைப் பஞ்சத்தின் அடையாளம் என்று பிள்ளைகள் நாணவேண்டா. 2023ஆம் ஆண்டை உலக நாடுகள் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடின. மூன்று, தேநீரை எண்ணிப் பாருங்கள். குவளைக்கு இரண்டு கரண்டி சர்க்கரை சுமார் 10 கிராம். நாளைக்கு ஐந்து குவளையாயின் 50 கிராம், அதாவது 200 கலோரி. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் சர்க்கரை அடங்குவது நலம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. நான்கு, நம் தோப்பில் விளையும் மாம்பழத்தைக் கடித்து உண்பதும், அதன் கூழில் நீரும் சர்க்கரையும் சேர்த்துப் புட்டியில் அடைத்ததைக் குடிப்பதும் ஒன்றன்று. பழத்தில் நாருண்டு, மெல்லும் உழைப்புண்டு, போதும் என்னும் உணர்வுண்டு. புட்டி இருமடக்கில் இறங்கிவிடும். ஐந்து, உண்டபின் சிறிது நடங்கள். ஆறு, சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ கொள்வோர், எம் பேச்சையோ பிறர் பேச்சையோ கேட்டுத் திடீரென உணவைக் குறைக்கவோ உபவாசம் இருக்கவோ வேண்டா. சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து உயிர்க்கே இடராகலாம். மருத்துவரைக் கலந்தே எதையும் செய்க.

அழகுக்காக மெலிய விரும்புவோர்க்கும் ஒரு சொல். உண்ணும் முன் பிக்குகள் எண்ண வேண்டியவற்றுள், விளையாட்டுக்காகவும் அன்று, அழகுபடுத்தற்காகவும் அன்று, உடலைத் தாங்கி அறவாழ்வு நடத்துதற்கே உணவு என்பதும் ஒன்று. கண்ணாடிக்காக உண்பதும் கண்ணாடிக்காக உண்ணாமையும் ஒரே கட்டின் இருபுறி.

எம் நிலையையும் மறைக்கலாகாது. ஆலையில் இருந்தபோது பொதி தூக்கிய உடலுக்குப் பெருஞ்சோறு வேண்டியிருந்தது. பொதி போயிற்று; சோறு போகவில்லை. பேசுவதற்கு உட்கார்ந்தோம், படிப்பதற்கு உட்கார்ந்தோம், உண்பதற்கும் உட்கார்ந்தோம். இப்போது எம் துணைவியாரும் யாமும் ஒருங்கே அமர்ந்து உண்கிறோம். கடைசிக் கவளத்திற்குக் கை நீளும்போது ஒருவர்க்கொருவர் நினைவூட்டுகிறோம். எடை பெரிதாகக் குறைந்துவிடவில்லை. குறைந்த அளவு சிறிதே. ஆனால் மேடைப்படியில் மூச்சு வாங்குவது நின்றது. சில வேளை தவறுகிறோம், மறுவேளை திருந்துகிறோம்.

சென்ற வைகாசிப் பௌர்ணமிக்கு எங்கள் சிறு சங்கத்திற் சர்க்கரைப் பொங்கலை ஒரு கரண்டியளவாகச் சுருக்கி, களியும் முருங்கைக்கீரையும் சுண்டலும் பரிமாறினோம். முதற்பந்தியிற் பெண்களை அமரச் செய்து ஆடவர் பரிமாற வேண்டும் என்று ஏற்பாடு. அந்த அம்மையாரும் வந்திருந்தார். அவரெதிரே நின்று, முன்னொரு நாள் யாம் கூறியது பிழை என்றோம். ஆசையை அறியாமல் உடலை ஆசை என்றோம், பொறுத்தருள்க என்றோம். அவர் சிறிது நாணி, “அதை எப்போதோ மறந்துவிட்டேன், ஐயா” என்றார். பிறகு தம் இலையைக் காட்டி, “கீரை இன்னும் கொஞ்சம் போடுங்கள்” என்றார். போட்டோம்.